ஒரு ரப்பியின் இரு நூல்கள்

தமிழில் நூல் என்னும் சொல் இழையையும் குறிக்கும், ஏட்டையும் குறிக்கும். காஞ்சிபுரத்தில் இவ்விரு பொருளும் அடுத்தடுத்த தெருக்களிலேயே வாழ்ந்து வந்திருக்கின்றன. ஒரு தெருவில் குழித்தறியும் பட்டுப் பாவும். மறு தெருவில் சுவடியும் அதற்கு வழிவழி வந்த உரையும். யூதர்களின் எபிரேய மொழியிலும் இத்தகைய ஒற்றுமை உண்டென்பதை நம்மில் பலர் அறிந்திருக்க மாட்டோம். அவர்களுடைய பெருநூலாகிய தல்மூத் பல பகுதிகளாகப் பிரிக்கப்பட்டுள்ளது. ஒவ்வொரு பகுதிக்கும் மஸேகெத் என்று பெயர். தறியில் நீட்டிய பாவு, அதில் நெய்த நெசவு என்பதே அச்சொல்லின் முதற்பொருள். வேதத்தை விளக்கும் சொற்களை அவர்கள் நெசவாகவே கண்டனர்.

மூலம் மட்டும் கையிலிருந்தால் வேதம் விளங்கிவிடுமா என்ற கேள்வி காஞ்சிக்குப் பழகிய ஒன்று. காஞ்சியை அடுத்த திருப்புட்குழியில் யாதவப் பிரகாசரிடம் பாடம் கேட்ட இளைஞர் இராமாநுசர், உபநிடதச் சொல் ஒன்றுக்கு ஆசிரியர் கூறிய பொருளை ஏற்க மறுத்ததனால் இருவருக்கும் பிணக்கு நேர்ந்தது என்று வைணவ மரபு வரலாறு கூறுகிறது. ஒரே நூல், ஒரே சொல், பொருள்தான் இரண்டு. அதன் பிறகு குரு பரம்பரை என்று ஒரு நீண்ட சங்கிலி எழுந்தது. நமக்கும் இது புதிதன்று. திருக்குர்ஆனை நபிகள் நாயகம் (ஸல்) அவர்களின் சொல்லோடும் செயலோடும் சேர்த்தே ஓதுகிறோம். அச்சொல்லை யார் யாரிடம் கேட்டார் என்னும் இஸ்னாதைத் துருவித் துருவிப் பார்க்கிறோம். யூதர்களிடத்திலும் எழுதப்பட்ட தவ்ராத் ஒன்று, வாய்வழி வந்த தவ்ராத் ஒன்று என இரண்டுண்டு. வாய்வழி வந்ததை ஸீனாய் மலையில் மூஸா நபி (அலை) பெற்று யூஷஃவிடம் ஒப்படைத்தார்கள், அவர் மூப்பர்களிடம் ஒப்படைத்தார், அவர்கள் நபிமார்களிடம் ஒப்படைத்தனர் என்று தொடங்கி, ஒவ்வொரு தலைமுறை ஆசிரியரின் பெயரையும் அடுக்கிச் செல்லும் ஒரு பகுதி அவர்களுடைய மிஷ்னாவில் இருக்கிறது. ஹதீஸ் கலை பயின்ற ஆலிம் ஒருவர் அதனைப் படித்தால் வியப்புறாமல் இரார்.

அந்த ஆசிரியர்களே ரப்பிகள். அவர்களுடைய வாய்வழிச் சட்டங்களை ரப்பி யெஹூதா என்பார் கி.பி. 200 அளவில் தொகுத்தது மிஷ்னா. மிஷ்னாவுக்கு எழுந்த விரிவுரைகளே இரு தல்மூதுகள். ஒன்று பலஸ்தீனத்தில் கி.பி. 400ஐ ஒட்டியும், மற்றொன்று இராக்கில் அதற்கு நூறாண்டு பிற்பட்டும் உருப்பெற்றன. இவர்கள் சமயத்தைத் தொழிலாகக் கொண்ட மதகுருமார் என்று எண்ணிவிட வேண்டாம். ஷம்மாய் கட்டட வேலை செய்தவர் என்றும், யோஹனான் என்பார் செருப்புத் தைத்தவர் என்றும் அவர்களுடைய நூல்களே பேசுகின்றன. மகனுக்கு ஒரு கைத்தொழில் கற்றுக் கொடுப்பது தந்தையின் கடமை என்று அவர்கள் விதித்தனர். நெசவாளர் நகரில் இதற்கு விளக்கம் வேண்டியதில்லை.

இனிச் சொல்லவந்த பொருளுக்கு வருவோம். கிறிஸ்தவர்களின் நான்கு சுவிசேஷங்களில் ஈஸா நபி (அலை) அவர்கள் ஓயாமல் வாதிடுவது யாருடன்? தமிழ் விவிலியம் வேதபாரகர் என்றும் பரிசேயர் என்றும் அழைக்கும் மக்களுடன். அந்நான்கு நூல்களும் அல்லாஹ் அருளிய இன்ஜீல் அப்படியே ஆகா என்பது நம் கொள்கை. ஆயினும் கிறிஸ்தவ அன்பர்கள் தம் வேதமாகப் போற்றுவன அவை. அவற்றில் பரிசேயர் வந்தவுடனே வாசகர் மனத்தில் ஒரு மாயக்காரன் உருவம் எழுந்துவிடுகிறது. ஆனால் ஈஸா நபியைச் சீடர்கள் விளித்த சொல் என்ன? ரபீ. யோவான் சுவிசேஷத்தின் தமிழாக்கத்தில் அச்சொல் பெயர்க்கப்படாமல் அப்படியே நிற்கிறது. பரிசேயரின் வழித்தோன்றல்களே ரப்பிகள். ஆகவே அந்த வாதங்களின் மறுபக்கம் மிஷ்னாவிலும் தல்மூதிலும் கிடக்கிறது. வழக்கில் ஒரு கட்சியின் வாக்குமூலத்தை மட்டும் கேட்டுத் தீர்ப்புக் கூறும் நீதிபதியை நாம் ஏற்பதில்லை. அந்த மறுகட்சியையும் கேட்டால் என்ன தெரியும்?

ஓய்வுநாள் வழக்கை எடுத்துக்கொள்வோம். ஈஸா நபியின் சீடர்கள் ஓய்வுநாளில் விளைவயல் வழியே சென்றபோது கதிர்களைக் கொய்தனர், பரிசேயர் குறைகூறினர். பசித்தவன் நாலு கதிர் பறித்தால் என்ன குற்றம் என்று நமக்குத் தோன்றும். மிஷ்னா ஓய்வுநாளில் விலக்கப்பட்ட வேலைகளை 39 எனக் கணக்கிடுகிறது. விதைத்தல், உழுதல், அடுத்து அறுத்தல். கதிர் கொய்தல் அறுத்தலின் பாற்படும். கையில் கசக்கினால் அது போரடித்தல். பட்டியல் தொடர்கிறது: சாயமேற்றல், நூற்றல், பாவு விரித்தல், இரண்டு விழுதுக் கண்ணி கட்டுதல், இரண்டிழை நெய்தல், இரண்டிழை பிரித்தல். ஓர் இழையன்று, இரண்டிழை! எவ்வளவு செய்தால் அது வேலையாகும் என்று அளந்து வைத்திருக்கிறார்கள். காஞ்சி நெசவாளர் ஒருவரிடம் இப்பட்டியலைப் படித்துக் காட்டினால், தறியருகில் நின்று பார்த்தவரே இதை எழுதியிருக்க வேண்டும் என்பார். பாவு விரித்தலுக்கு மிஷ்னா வழங்கும் சொல்லும் மஸேகெத் என்ற சொல்லும் ஒரே வேரில் பிறந்தவை என்பதும் குறிப்பிடத்தக்கது.

ஆக, பரிசேயர் கேட்டது அற்பக் கேள்வியன்று, சட்டக் கேள்வி. ஈஸா நபி சொன்ன விடையும் சட்ட விடையே. தாவூத் நபி (அலை) பசித்த வேளையில் ஆலயத்து அப்பத்தை உண்ட முன்நிகழ்ச்சியைக் காட்டி, ஓய்வுநாள் மனிதனுக்காக உண்டானது என்று முடிக்கிறார்கள். சட்டத்தையே உடைத்தெறிந்த புரட்சி என்று இதனைப் போதகர்கள் வருணிப்பதுண்டு. ஆனால் இதே கருத்தை, ஓய்வுநாள் மனிதரிடம் ஒப்படைக்கப்பட்டதேயன்றி மனிதர் அதனிடம் ஒப்படைக்கப்படவில்லை என்னும் முறையில், ரப்பி ஷிம்ஓன் பென் மெனஸ்யா என்பார் சொன்னதாக யூதர்களின் பழைய உரை நூலொன்று பதிவு செய்துள்ளது. உயிருக்கு ஆபத்து என்ற ஐயம் இருந்தாலே போதும், ஓய்வுநாள் விலக்குகள் நீங்கிவிடும் என்பது மிஷ்னாவின் தீர்ப்பு. அப்படியானால் இது இரு சமயங்களின் போரன்று. ஒரே வீட்டிற்குள் எழுந்த வழக்கு. எல்லை எங்கே என்பதில்தான் வேறுபாடு. ஹனஃபிகளும் ஷாஃபிஇகளும் ஒரே பள்ளிவாசலில் தொழுதுவிட்டு வெளியே வந்து ஒளூவின் நுணுக்கங்களை வாதிடுவதைக் கண்ட நமக்கு இது விளங்காதா?

மணவிலக்கு வழக்கு இதைவிடத் தெளிவானது. எக்காரணத்துக்காகவும் மனைவியை விலக்கலாமா என்று பரிசேயர் ஈஸா நபியிடம் வினவியதாக மத்தேயு எழுதுகிறார். மாற்கு எழுதும்போது 'எக்காரணத்துக்காகவும்' என்ற பகுதி இல்லை. விலக்கலாமா என்பதே கேள்வி. விலக்கு உண்டு என்று தவ்ராத் வெளிப்படையாகவே கூறியிருக்க, அதை ஏன் கேட்க வேண்டும்? மிஷ்னாவைத் திறந்தால் முடிச்சு அவிழ்கிறது. அங்கே ஹில்லேல் மத்ஹபு, ஷம்மாய் மத்ஹபு என்று சொல்லத்தக்க இரு பள்ளிகள் இருந்தன. ஒழுக்கக்கேடு கண்டாலன்றி விலக்கக்கூடாது என்றது ஷம்மாய் பள்ளி. உணவைத் தீய்த்துவிட்டாலும் விலக்கலாம் என்றது ஹில்லேல் பள்ளி. நீர் எந்தப் பள்ளியின் பக்கம் என்பதே ஈஸா நபியிடம் கேட்கப்பட்ட கேள்வி. அவர்கள் தந்த விடை, மத்தேயுவின்படி, ஷம்மாய் பள்ளிக்கு மிக அணுக்கமாக நிற்கிறது. இரக்கத்துக்குப் பெயர் பெற்றது ஹில்லேல் பள்ளி. கடுமைக்குப் பெயர் பெற்றது ஷம்மாய் பள்ளி. இவ்விடத்திலோ பெண்ணின் பாதுகாப்பு கடுமையான பள்ளியில் இருந்தது. அடுப்படியில் சோறு தீய்ந்ததற்காக வாழ்விழக்கும் பெண்ணை எண்ணிப் பார்ப்பவர் எவரும் இவ்விடத்தைச் சற்று நின்று படிப்பர்.

நமக்குப் பழகிய சொல்லொன்று மாற்கு சுவிசேஷத்தில் வருகிறது: கொர்பான். நம் குர்பானியின் உடன்பிறப்பு. தாய் தந்தையருக்குக் கொடுக்க வேண்டியதை, இது இறைக்காணிக்கை என்று நேர்ந்து சொல்லித் தட்டிக்கழிப்பவரை ஈஸா நபி கண்டிக்கிறார்கள். முன்னோர் மரபு இறைக்கட்டளையை அவமாக்கிவிட்டது என்கிறார்கள். மிஷ்னாவிலோ இந்த நேர்த்திக்கடன் சிக்கல் விவாதிக்கப்பட்டு, பெற்றோருக்கும் மகனுக்கும் இடைப்பட்ட பொருளாயின் பெற்றோர் கண்ணியத்தை முன்னிட்டு அந்நேர்ச்சையை அவிழ்த்துவிடலாம் என்று அறிஞர்கள் உடன்படுகின்றனர். ஈஸா நபியின் கண்டனம் எதைக் கேட்டதோ அதையே ரப்பிகளின் சட்டமும் வந்தடைந்தது.

கட்டளைகளுள் முதன்மையானது எது என்று வேதபாரகர் ஒருவர் கேட்டபோது, இஸ்ராயீலின் இறைவன் ஒருவனே என்னும் தவ்ராத்தின் தவ்ஹீது வாசகத்தையே ஈஸா நபி விடையாகத் தந்தார்கள் என்று மாற்கு கூறுகிறார். அந்த வாசகத்தைக் காலையும் மாலையும் எந்நேரத்தில் ஓத வேண்டும் என்ற கேள்வியோடுதான் மிஷ்னா முழுவதும் தொடங்குகிறது. இங்கே வேதபாரகர் ஈஸா நபியை ஒப்புக்கொள்கிறார். ஈஸா நபியும் அவரைப் பாராட்டுகிறார்கள். பகைமை இல்லாத இந்த உரையாடல் பிரசங்கங்களில் அதிகம் கேட்கக் கிடைப்பதில்லை!

இத்தகைய ஒப்பீட்டில் ஒரு வழுக்குப் பாறையும் உண்டு. மிஷ்னா தொகுக்கப்பட்டது சுவிசேஷங்களுக்கு நூறாண்டுக்கும் மேல் பிற்பட்டு. தல்மூத் இன்னும் பிற்பட்டு. பின்னெழுந்த ஏட்டிலுள்ள சொல் முன்னரே வாயில் வழங்கியதா என்பதை ஒவ்வோரிடத்திலும் ஆராய வேண்டும். ஒத்திருப்பதெல்லாம் ஒன்றிலிருந்து மற்றொன்று எடுத்ததே என்று துள்ளும் நோயை, சாமுவேல் சாண்ட்மெல் என்னும் யூத அறிஞர் 1962இல் ஒரு பெயரிட்டே கண்டித்தார். இதனை நினைவில் வைத்துக்கொள்ள வேண்டும், மேலே தேவைப்படும்.

தமிழகத்துக்கும் இந்த ஆராய்ச்சிக்கும் தொடர்பு நாம் எண்ணுவதைவிட நெருங்கியது. தரங்கம்பாடிக்குச் சீகன்பால்கு முதலியோரை அளித்த ஜெர்மனியின் ஹாலே நகரில்தான் 1728இல் கல்லன்பர்க் என்பார் யூதர்களுக்கும் முஸ்லிம்களுக்கும் கிறிஸ்தவம் போதிக்கவென்று ஒரு நிலையம் நிறுவினார். காஞ்சியின் கதையும் அப்படியே. ஜான் ஆண்டர்சன் என்னும் ஸ்காட்லாந்துப் பாதிரியார் 1837இல் சென்னை வந்து தொடங்கிய பள்ளியே பின்னர் சென்னைக் கிறிஸ்தவக் கல்லூரியாக வளர்ந்தது. அதன் கிளைகளுள் ஒன்று காஞ்சியில் எழுந்தது. அவர் பெயர் தாங்கிய பள்ளி இன்றும் அந்நகரில் உள்ளது. 1843இல் ஸ்காட்லாந்துத் திருச்சபை இரண்டாகப் பிளந்தபோது ஆண்டர்சன் சுதந்திரச் சபையின் பக்கம் சேர்ந்தார். அதே சபை ஐரோப்பாவில் ஹங்கேரி நாட்டுப் பெஸ்ட் நகரில் யூதர்களிடையே பணிபுரிந்தது. அங்கே சென்ற ஜான் டங்கன், எபிரேயப் புலமையால் 'ரப்பி டங்கன்' என்றே பெயர் பெற்றவர். அவர்கள் வழியாகக் கிறிஸ்தவரான வியன்னா நகரத்து யூத இளைஞர் ஆல்பிரட் எடர்ஷைம்.

எடர்ஷைம் 1883இல் இயேசுவின் வாழ்வும் காலமும் பற்றி இரு பெருந்தொகுதிகள் வெளியிட்டார். சுவிசேஷத்தின் ஒவ்வொரு நிகழ்ச்சிக்கும் ரப்பிகளின் நூல்களிலிருந்து மேற்கோள் குவித்த நூல் அது. ஆங்கிலம் படித்த போதகர்களின் அலமாரிகளில் தலைமுறை தலைமுறையாக அது இடம்பெற்றது. அறிவுக்களஞ்சியம் என்பதில் ஐயமில்லை. ஆனால் தீர்ப்பு முன்கூட்டியே எழுதப்பட்டிருந்தது. ரப்பிகளோடு ஒற்றுமை கண்ட இடங்களில் அது வெறும் புறவடிவ ஒற்றுமை என்பார். உட்பொருளில் ஒளியும் இருளும் போன்ற வேறுபாடு என்பார். தான் பிறந்த வீட்டின் பண்டங்களையெல்லாம் எடுத்து வந்து, அந்த வீடு இருண்டது என்பதற்கே சான்றாக அடுக்கிய மனிதர் எடர்ஷைம்.

அதே ஒப்பீட்டை வீட்டை விட்டு வெளியேறாமல் செய்தவர் ஆபிரகாம் கைகர். 1810இல் பிராங்க்பர்ட்டில் பிறந்து, ரப்பியாகவே வாழ்ந்து, 1874இல் பெர்லினில் மறைந்தவர். 1864இல் வெளியான அவருடைய சொற்பொழிவுகள் யூத சமயத்தின் வரலாறு பற்றியவை. அவற்றில் ஈஸா நபியை அவர் ஒரு பரிசேயர் என்றார். கலிலேயா நாட்டு யூதர் என்றார். ஹில்லேலின் வழி நடந்தவர் என்றார். பரிசேயர் மாயக்காரரல்லர், குருமார் குலத்தின் ஏகபோகத்தை எதிர்த்து வணக்கத்தின் தூய்மையைப் பொதுமக்களின் வீட்டு வாசலுக்குக் கொண்டு வந்தவர்கள் என்றும் வாதிட்டார். ஜெர்மன் கிறிஸ்தவ உலகம் கொதித்தது. எதிர்த்து எழுதியவருள் ஒருவர் பிரான்ஸ் டெலிட்ச். ஈஸா நபியையும் ஹில்லேலையும் ஒப்பிட்டு, இருவரும் ஒரு தரத்தினர் அல்லர் என்று நிறுவ ஒரு சிறுநூலே எழுதினார். அவர் பேராசிரியராக விளங்கிய லைப்சிக் நகரில்தான், தமிழ்நாட்டில் தரங்கம்பாடிப் பணியைத் தொடர்ந்த லூத்தரன் மிஷனின் தலைமையகமும் இருந்தது.

கைகரின் மற்றொரு நூல் இதற்கு முப்பதாண்டு முற்பட்டது. இருபது வயதைச் சற்றே கடந்திருந்தபோது, பான் பல்கலைக்கழகம் அறிவித்த பரிசுப் போட்டிக்கு எழுதியது. முஹம்மது நபி யூத சமயத்திலிருந்து எவற்றை எடுத்துக்கொண்டார் என்பதே கேள்வி. பரிசு பெற்ற அக்கட்டுரை 1833இல் அச்சாயிற்று. திருக்குர்ஆனின் வரலாறுகளையும் சொற்களையும் ரப்பிகளின் நூல்களோடு ஒப்பிட்ட முதல் பெரும் முயற்சி அது. வஹீயை நம்பாத ஒருவர் எழுதியது; அதன் அடிப்படை நமக்கு உடன்பாடாகாது. என்றாலும் ஒன்றை மறைக்கலாகாது. நம் நாயகத்தை (ஸல்) வஞ்சகர் என்று ஐரோப்பா கூசாமல் ஏசிய காலத்தில், அவர்கள் தம் பணியில் உண்மையான நம்பிக்கை கொண்டவர்கள் என்று எழுதிய இளைஞர் இவர்.

இவ்விரு நூல்களுள் சென்னையில் அச்சேறியது எது? 1898இல் வேப்பேரியில் எஸ்.பி.சி.கே. அச்சகத்தில், 'யூத மதமும் இஸ்லாமும்' என்னும் பொருள்படும் தலைப்பில், அந்தப் பரிசுக் கட்டுரையின் ஆங்கில மொழிபெயர்ப்பு வெளிவந்தது. பெயர்த்தவர் பெங்களூரிலிருந்த எஃப். எம். யங் என்னும் பெண்மணி. டில்லி மிஷனுக்கு உதவும் மகளிர் சங்கத்தைச் சேர்ந்தவர். டில்லியில் கேம்பிரிட்ஜ் மிஷனின் தலைவராயிருந்த லெஃப்ராய் பாதிரியார், முஸ்லிம்களோடு உரையாடுகையில் இது தமக்குப் பயன்படும் என்று கேட்டுக்கொண்டதனால் பெயர்த்ததாக முன்னுரை ஒளிவுமறைவின்றிக் கூறுகிறது. காஞ்சியிலிருந்து ஏறத்தாழ 70 கிலோமீட்டர்த் தொலைவில், தமிழ் விவிலியத்தைப் பெயர்த்த பப்ரிஷியஸ் அச்சுப்பணி நடத்திய அதே வேப்பேரியில், ஒரு ரப்பியின் நூல் கிறிஸ்தவ அச்சகத்தில் முஸ்லிம்களுக்காக அச்சிடப்பட்டது! மூன்று வேதக்காரர்களும் ஓர் அட்டைக்குள் கூடிய விந்தை இது.

ஈஸா நபியை ஒரு பரிசேயர் என்று காட்டிய சொற்பொழிவுகளோ அப்போது ஜெர்மன் மொழியில் 34 ஆண்டுப் பழமை எய்தியிருந்தன. 1860களிலேயே அமெரிக்காவில் ஆங்கிலத்திலும் வந்துவிட்டன. அவற்றை வேப்பேரி நாடவில்லை. ஒரே ரப்பி, ஒரே முறை, ஒரே தல்மூத். திருக்குர்ஆனை அளக்க அது ஏற்ற கோலாயிற்று. சுவிசேஷத்தை அளக்க அது ஆகாத கோலாயிற்று. வாங்கும்போது நிறைய அளந்து, கொடுக்கும்போது குறைத்து அளப்போரைக் கண்டிக்கவென்றே நம் திருமறையில் ஓர் அத்தியாயம் உண்டு. ஒற்றுமை இருந்தால் அது கடன் வாங்கியது என்பதே விதியாயின், மலைப்பிரசங்கத்தின் பல வாக்கியங்களுக்கும் ரப்பிகளிடம் கடன் பத்திரம் இருக்கிறது. ஒற்றுமை என்பது ஒரே இறைவனின் வழிகாட்டுதல் பல காலங்களில் ஒலித்ததன் அடையாளம் என்பது விதியாயின், அவ்விதி திருக்குர்ஆனுக்கும் பொருந்தும்.

இந்தக் குறை அவர்களுக்கு மட்டும் உரியதா? 1854இல் ஆக்ராவில் மௌலானா ரஹ்மத்துல்லாஹ் கைரானவி அவர்களும் பாதிரியார் ஃபாண்டரும் நடத்திய பெரும் விவாதத்தை நாம் பெருமையுடன் நினைவுகூர்கிறோம். டாக்டர் வஸீர் கான் திரட்டி வைத்திருந்த ஐரோப்பிய விவிலிய ஆய்வு நூல்கள் அன்று மௌலானாவுக்குக் கைகொடுத்தன. கிறிஸ்தவ அறிஞரின் எழுத்தே கிறிஸ்தவப் போதகரைத் திகைக்க வைத்தது. விவாதத்துக்கு அது வலிமை. ஆனால் அந்த வெற்றிக்குப் பின் எத்தனை பேர் சுவிசேஷத்தை அது பிறந்த வீட்டின் மொழியில் விளங்கிக்கொள்ள முயன்றோம்? யஹூதி என்ற சொல்லை மேடையில் வசையாக வழங்குவோர், பரிசேயன் என்பதை வசையாக்கிய பிரசங்கிகளுக்கு எவ்வகையில் வேறானவர்? வேதக்காரர் அனைவரும் ஒரு தன்மையர் அல்லர் என்று ஆலு இம்ரான் அத்தியாயம் தெளிவுறுத்துகிறது. ரப்பானிய்யூன், அஹ்பார் என்று யூத அறிஞரைப் பெயர் சொல்லிப் பேசும் அல்மாயிதா அத்தியாயம், அவர்கள் தவ்ராத்தைக் கொண்டு தீர்ப்பளித்து வந்ததையும் கூறுகிறது. கடமை தவறியவர்களைக் கண்டிக்கவும் செய்கிறது. இரண்டையும் ஒருங்கே படிக்க வேண்டும். பனூ இஸ்ராயீல்களின் செய்திகளை அறிவிப்பதில் தடையில்லை என்றும், வேதக்காரர் சொல்வதை மெய்யெனவும் பொய்யெனவும் அவசரப்பட்டுச் சொல்லற்க என்றும் வரும் இரு ஹதீஸ்களும் இந்த நடுநிலைக்கே வழிகாட்டுவன.

கிறிஸ்தவ உலகில் காற்று பின்னர் திசைமாறியது. 1921இல் அமெரிக்க அறிஞர் ஜார்ஜ் ஃபுட் மூர், கிறிஸ்தவர் யூத சமயம் பற்றி எழுதியவை எவ்வாறு கட்சி வாதமாகவே இருந்தன என்று தம்மவர் முகத்துக்கு நேரே எழுதினார். 1965இல் இரண்டாம் வத்திக்கான் சங்கம் யூதர் மீது சுமத்திய பழைய பழியை விலக்கியது. அதே அறிக்கை முஸ்லிம்களையும் மதிப்புடன் குறிப்பிட்டது. 1973இல் கேஸா வெர்மெஷ் எழுதிய நூலின் பெயரே 'யூதர் இயேசு' என்பதாகும். 2011இல் யூத அறிஞர்களே உரைக்குறிப்பு எழுதிய புதிய ஏற்பாட்டுப் பதிப்பு வெளிவந்தது. கைகர் தனியாகச் சொல்லிக் கல்லடி பட்ட பேச்சு, இன்று இறையியல் கல்லூரிகளின் பாடம்.

வேப்பேரி நூலில் நாம் சற்றுத் தங்க வேண்டிய இடம் ஒன்று உண்டு. அல்மாயிதா அத்தியாயத்தில், ஆதம் நபியின் (அலை) மைந்தர் இருவருள் ஒருவன் மற்றவனைக் கொன்ற வரலாறு வருகிறது. அதன் காரணமாகவே, ஓர் உயிரை அநியாயமாகக் கொன்றவன் மனிதர் அனைவரையும் கொன்றவன் போலாவான், ஓர் உயிரை வாழவைத்தவன் அனைவரையும் வாழவைத்தவன் போலாவான் என்று இஸ்ராயீலின் சந்ததியினருக்கு விதிக்கப்பட்டதாக அல்லாஹ் கூறுகிறான். ஒரு கொலைக்கும் இவ்வளவு பெரிய விதிக்கும் என்ன தொடர்பு என்ற வினாவுக்குக் கைகர் மிஷ்னாவைக் காட்டினார். கொலை வழக்கில் சாட்சி சொல்ல வருவோரை நீதிபதிகள் எச்சரிக்கும் முறை அங்கே கூறப்படுகிறது. கொல்லப்பட்ட சகோதரனின் இரத்தத்தைத் தவ்ராத் பன்மையில் குறிப்பது ஏன்? அவன் இரத்தமும், அவனிலிருந்து பிறந்திருக்க வேண்டிய தலைமுறைகளின் இரத்தமும் அதில் அடங்கும். ஆகவே ஓர் உயிரை அழித்தவன் ஓர் உலகையே அழித்தவன் என்கிறது மிஷ்னா.

இதனைக் கடனுக்குச் சான்றாகக் கைகர் கொண்டார். ஆனால் திருமறை எதையும் ஒளிக்கவில்லையே! இது இஸ்ராயீலின் சந்ததியினருக்கு விதிக்கப்பட்டது என்று தானே முன்வந்து அறிவிக்கிறது. வாசற்படியில் எழுதி வைத்திருப்பதைக் கண்டுபிடித்துச் சொல்வதற்கு உளவாளி வேண்டியதில்லை.

இதற்கு மேல் கைகரின் காலத்துக்குப் பின் வெளிப்பட்ட செய்தி ஒன்று உள்ளது. பிற்காலத்தில் அச்சான மிஷ்னாப் பதிப்புகள் பலவற்றில் அந்த வாசகம் 'இஸ்ராயீலைச் சேர்ந்த ஓர் உயிர்' என்று காணப்படுகிறது. யூதர் அல்லாத உயிருக்கு இந்தச் சிறப்பில்லை போலும் என்று எதிரிகள் பழிக்கவும், யூதர் சிலரே அவ்வாறு எண்ணவும் அது இடம் தந்தது. ஜெருசலம் பேராசிரியர் எஃப்ராயிம் உர்பாக் 1971இல் கையெழுத்துச் சுவடிகளை ஒப்பிட்டு, 'இஸ்ராயீலைச் சேர்ந்த' என்பது பின்னர் நுழைந்த சேர்க்கை என்றும், பழைய பாடம் 'ஓர் உயிர்' என்பதே என்றும் எடுத்துக்காட்டினார். மிஷ்னாவின் மிகச் சிறந்த பழஞ்சுவடியாகிய காஃப்மன் சுவடியில் அச்சேர்க்கை இல்லை. அச்சுவடி இருப்பது எடர்ஷைம் ஞானஸ்நானம் பெற்ற பெஸ்ட் நகரில், இன்றைய புடாபெஸ்ட்டில், ஹங்கேரி அறிவியல் கழகத்தின் நூலகத்தில். ஆறாம் நூற்றாண்டு முடிந்து ஏழாம் நூற்றாண்டில் அரபு மண்ணில் ஓதப்பட்ட திருவசனமும் இனப்பெயர் எதையும் சேர்க்காமல் 'ஓர் உயிர்' என்றே கூறுகிறது. ரப்பிகளைக் கொண்டு திருக்குர்ஆனை அளக்க வேப்பேரியில் ஒரு நூல் அச்சிட்டார்கள். ரப்பிகளின் நூலில் எது பழைய பாடம் என்ற கேள்வி எழுந்தபோதோ, திருக்குர்ஆனின் வாசகம் அப்பழைய பாடத்தின் பக்கத்தில் நிற்கிறது.